சரோஜா ஆன்ட்டி கொடுத்த பலாச்சுளை

பேய், பில்லி, சூனியம் என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். நெய்வேலி டவுன்ஷிப்பில் பிறந்து வளர்ந்தவள். மூன்று ஷிப்டுக்கும் ஆட்கள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருக்கிற ஊரில், எந்த நேரமும் ஏதாவது ஒரு குவார்ட்டர்ஸில் விளக்கு எரிகிற ஊரில், பேய்க்கு எங்கே ஒளிய இடம் என்று பல பேரைக் கிண்டல் செய்திருக்கிறேன். அதனால் இதைக் கேட்டுவிட்டு நீங்கள் சிரித்தாலும் எனக்குக் கோபம் வராது. நான் சொல்லப்போவதில் பேயும் கிடையாது, இருட்டும் கிடையாது, எல்லாமே மே மாத வெயிலில் பட்டப்பகலில் நடந்தது. அருவருப்புதான் உண்டு. சாப்பிட்டுக்கொண்டே மட்டும் கேட்காதீர்கள்.

2013 என்று நினைவு. பி.இ. முடித்துவிட்டு, வேலை கிடைக்காமல் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். அப்பா சுரங்கத்தில் பெர்மனன்ட், முதல் ஷிப்டுக்குப் போனால் மதியத்துக்கு மேல்தான் வருவார். அம்மா சாப்பிட்டுவிட்டுத் தூங்கிவிடுவாள். எனக்கு ஒரு டெஸ்க்டாப்பும், அடிக்கடி அறுந்துபோகிற இன்டர்நெட்டும்தான் துணை. கல்லூரித் தோழி நிவேதிதா சென்னையிலிருந்து போன் செய்து, "நாங்க பத்துப் பேர் சேர்ந்து ஒரு ஊரே கட்டிட்டு இருக்கோம்டி, நீயும் வா" என்றாள். விக்கி மாதிரி ஒரு தளம், யார் வேண்டுமானாலும் பக்கம் எழுதலாம். ஆனால் எழுதுவது முழுக்கப் பொய். சாம்பலூர் என்று இல்லாத ஒரு ஊருக்கு, அதன் தெரு, கடை, கோயில், மனிதர்கள் எல்லாவற்றுக்கும் ஆளுக்கொரு பக்கம் எழுதி ஒரு கதையாக வளர்க்கிற விளையாட்டு.

விதி மூன்றுதான். ஒருவர் எழுதிவிட்டால் அது சாம்பலூரில் உண்மை, யாரும் அழிக்கக் கூடாது, வேண்டுமானால் அதற்கு மேல் தொடர்ந்து எழுதலாம். ஒவ்வொரு பக்கத்திலும் இன்னும் பக்கம் எழுதப்படாத இரண்டு பெயர்களையாவது விட்டுவைக்க வேண்டும், அவை சிவப்பு எழுத்தில் தெரியும். புதிதாக வருகிறவர் அந்தச் சிவப்புப் பெயர்களில் ஒன்றை எடுத்து அதற்குப் பக்கம் எழுதித்தான் விளையாட்டுக்குள் நுழைய வேண்டும். நான் போனபோது ஐந்தாறு சிவப்புப் பெயர்கள் இருந்தன. ஒரு பாலம், ஒரு சைக்கிள் கடை இப்படி. நடுவில் ஒன்று, 'பலாப்பழ வீட்டுக்காரி'. அதைத்தான் எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று கேட்டால், எனக்கு யாரையும் கற்பனை செய்யத் தேவைப்படவில்லை, எதிர் வீட்டிலேயே ஒருவர் இருந்தார்.

சரோஜா ஆன்ட்டி. எங்கள் தெருவில் பலாப்பழம் என்றால் அவர்தான். சீசன் வந்தால் பண்ருட்டியிலிருந்து அவருடைய அண்ணன் பழம் கொண்டுவந்து போடுவார், ஆன்ட்டி காலையில் உட்கார்ந்து கையில் எண்ணெய் தடவி உரித்து, டிபன் பாக்ஸில் அடைத்து வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பார். பழத்தைத் தனியாகத் தின்று தீர்க்கிற வழக்கம் எங்கள் பிளாக்கில் யாருக்கும் கிடையாது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ஆன்ட்டி வீட்டார் குள்ளஞ்சாவடிப் பக்கத்துக் காலனியிலிருந்து வந்தவர்கள், அவருடைய அப்பா அம்மா கூலிக்கு நடவு நட்டவர்கள், அங்கிளுக்கு வேலை பெர்மனன்ட் ஆகிக் குவார்ட்டர்ஸ் கிடைத்து வந்தார்கள். டவுன்ஷிப்பில் அதையெல்லாம் யாரும் பேச மாட்டார்கள். பேச மாட்டார்கள் என்றுதான் சொன்னேன். மற்ற வீட்டிலிருந்து வருகிற பண்டத்தை அம்மா அப்படியே தட்டில் வைப்பாள், சரோஜா ஆன்ட்டி கொடுத்த சுளையை மட்டும் குழாயில் காட்டிக் கழுவித்தான் வைப்பாள். "தூசி இருக்கும்" என்பாள். நான் சின்ன வயதிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தேன், ஒருநாளும் ஏன் என்று கேட்டதில்லை.

குவார்ட்டர்ஸ் எல்லாம் ஒரே அச்சு, எந்த வீட்டை வர்ணித்தாலும் எந்த வீட்டுக்கும் பொருந்தும், யாருக்குத் தெரியப்போகிறது என்ற தைரியத்தில் எழுதினேன். சாம்பலூரில் ஒரு பலாப்பழ வீட்டுக்காரி, ஊருக்கெல்லாம் சுளை கொடுப்பாள், ஆனால் ஒவ்வொரு சுளையையும் தன் வாயில் வைத்துக் கொஞ்சம் கடித்து, இனிப்பாக இருந்தால்தான் பாக்ஸில் வைப்பாள், ஊரே அவள் எச்சிலைத் தின்றுகொண்டிருக்கிறது என்று. அவருடைய எண்ணெய்க் கை, நடை, சிரிப்பு ஒன்றும் விடவில்லை. பத்துப் பேருக்கும் அது ஒரே குஷி. "ஐயோ வாந்தி வருது, சூப்பர்" என்று எழுதினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கோயம்புத்தூரில் பேங்க் வேலை பார்க்கிற ஒருவர், என்னைப் பார்த்ததே இல்லை, என் போட்டோகூட எங்கேயும் கிடையாது, அவர் கீழே ஒரு வரி சேர்த்தார். அவளுக்கு முன்பல் ஒன்றில் மூலை உடைந்திருக்கும், அதனால் அவள் கடித்த இடத்தில் ஒரு ஓரம் மட்டும் கடிபடாமல் துருத்திக்கொண்டு நிற்கும், அதை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்று.

மறுநாள் மதியம் பன்னிரண்டு மணிக்குக் கதவு தட்டுகிற சத்தம். ஆன்ட்டிதான்.

"தனியாவா இருக்க கண்ணு? அம்மா எங்க?"

"தல வலின்னு படுத்திருக்காங்க ஆன்ட்டி."

"எழுப்பாத, எழுப்பாத. காலைலேர்ந்து உரிச்சிகினே இருக்கேன், கையெல்லாம் பிசுக்கு. இன்னும் நாலு வூட்டுக்குக் குடுக்கணும். ஜில்லுனு வச்சித் தின்னு."

பாக்ஸை வாங்கிக்கொண்டேன், அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்கக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருந்தது. அம்மா எழுந்திருக்கவில்லை என்பதால் கழுவவும் இல்லை. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, சாம்பலூரைப் படித்துக்கொண்டே ஒன்று தின்றேன், இரண்டு தின்றேன், நல்ல இனிப்பு. மூன்றாவதை வாயில் வைத்தபோது நாக்கில் ஒரு பள்ளம் தட்டுப்பட்டது. வெளியே எடுத்துப் பார்த்தேன். நம்பினால் நம்புங்கள், சுளையின் ஒரு பக்கம் அரை வட்டமாகக் கடிபட்டு உள்ளே கொட்டை தெரிந்தது, கடித்த இடம் ஈரமாக இருந்தது, ஓரத்தில் ஒரு துண்டு மட்டும் கடிபடாமல் துருத்திக்கொண்டு நின்றது. நான் அதைக் கடிக்கவே இல்லை, நாக்கில்தான் வைத்தேன். பாக்ஸைக் கவிழ்த்தேன். பதினொரு சுளை இருந்தது. பதினொன்றிலும் அதே கடி, அதே ஓரம். வாஷ்பேசினுக்கு ஓடி ஓங்கரித்தேன், வாய்க்குள் விரலை விட்டு நாக்கைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன், அந்த இனிப்பு மட்டும் போகவில்லை.

சத்தம் கேட்டு அம்மா வந்தாள். அழுதுகொண்டே சுளையைக் காட்டினேன். கண்ணாடி இல்லாமல் அம்மாவுக்குப் பேப்பரில் தலைப்புகூடத் தெரியாது. கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொள்ளவே இல்லை. தூரத்திலிருந்தே முகத்தைச் சுளித்து, "ச்சீ, நான் அப்பவே நெனச்சேன்டி, அவங்க புத்தி எங்க போகும்" என்றாள்.

அன்றைக்கு நான் வாயைத் திறந்து விக்கியைப் பற்றிச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பயந்துபோயிருந்தேன் என்பது பாதிதான், அம்மா சொன்னது எனக்கே உள்ளுக்குள் சரி என்று பட்டது, அதுதான் மீதி. இன்றைக்கும் இதைச் சொல்லும்போது என்மேலேயே எனக்குக் குமட்டுகிறது.

மூன்று நாளில் தெரு முழுக்கப் பரவிவிட்டது. யாரும் ஆன்ட்டியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சிரித்துக்கொண்டே பாக்ஸை வாங்கினார்கள், கழுவித் திருப்பிக் கொடுத்தார்கள், சுளையைத் தெருமுனைக் குப்பைத் தொட்டியில் கொட்டினார்கள். மே மாத வெயிலில் அது புளித்து, நுரைத்து, ஈ மொய்த்து, அந்த வழியாக யாரும் போக முடியவில்லை. பலாப்பழம் அழுகினால் வாசனை எப்படி இருக்கும் என்று தெரியாதவர்கள் கொடுத்துவைத்தவர்கள். ஒருநாள் ஆன்ட்டி சக்கை கொட்ட அந்தத் தொட்டிக்குப் போனார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். தொட்டிக்குள் பார்த்தபடி ரொம்ப நேரம் நின்றார். பிறகு கையிலிருந்ததைக் கொட்டிவிட்டு வீட்டுக்குப் போனார். அதற்குப் பிறகு பாக்ஸ் வரவில்லை.

அந்த மாதக் கடைசியில் அங்கிளுக்கு ரிட்டயர்மென்ட். ரிட்டயர் ஆகிறவர் குவார்ட்டர்ஸைக் காலி செய்வதற்கு முன்னால் தெருவுக்கே சாப்பாடு போடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அந்தச் சாப்பாட்டை யாரும் தொடப்போவதில்லை என்று எனக்குத் தெரியும், அம்மாவே போனில் பேசிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். எப்படியாவது இதை நிறுத்த வேண்டும் என்று நான் போனது எங்கே தெரியுமா, சாம்பலூருக்கு. என் பக்கத்தை அழித்தேன். ஒரு மணி நேரத்தில் நிவேதிதா அதைத் திரும்பப் போட்டுவிட்டு, "ரூல படிச்சுட்டுத்தானடி வந்த?" என்று திட்டினாள். சரி, மேலே எழுதலாம் அல்லவா, பலாப்பழ வீட்டுக்காரி யாரையும் எச்சில் தின்னவைக்கவில்லை, எதிர் வீட்டுப் பெண் கட்டிவிட்ட பொய் அது என்று புதுப் பக்கம் எழுதினேன். நல்ல திருப்பம் என்று கைதட்டினார்கள். அடுத்து ஒருவர் வந்து, அந்தப் பெண் சொன்னதை ஊரில் ஒருவரும் நம்பவில்லை என்று எழுதிவைத்துவிட்டுப் போனார்.

சாப்பாட்டுக்கு முதல்நாள் ஆன்ட்டி குங்குமத்தோடு அழைக்க வந்தார். "எல்லாரும் வந்துடணும், நீயும் வரணும் கண்ணு, சாக்கு சொல்லக் கூடாது" என்று சிரித்தார். அப்போதுதான் பார்த்தேன். வரிசைப் பல், ஒரு மூலைகூட உடையாத பல். அவர் போனதும் பிரிட்ஜைத் திறந்து ஒரு கொய்யாவை எடுத்துக் கடித்துப் பார்த்தேன். அரை வட்டம், ஓரத்தில் ஒரு துண்டு மட்டும் துருத்திக்கொண்டு நின்றது. ஒன்பதாவது படிக்கும்போது சைக்கிளிலிருந்து விழுந்து என் முன்பல்லில் மூலை உடைந்திருந்தது. பதினொரு சுளையிலும் நான் பார்த்தது இதே கடிதான்.

மறுநாள் வாசலில் பந்தல் போட்டு இலை போட்டார்கள். எல்லாரும் வந்தார்கள், அதில் குறை சொல்ல முடியாது, புடவை வேஷ்டி எல்லாம் வைத்துக் கொடுத்தார்கள். ஆன்ட்டியே ஒவ்வொரு இலையாக வந்து முதலில் ஒரு பலாச்சுளை வைத்தார். ஒருவருக்கு விரதம், ஒருவருக்கு வயிறு சரியில்லை, இன்னொருவருக்கு சுகர். குழம்பைப் பிசைந்து ஓரமாக ஒதுக்கினார்கள், அப்பளத்தை நொறுக்கினார்கள். என் இலையில் இருந்த சுளையைப் பார்த்தேன். ஈரம், கடி, ஓரம்.

"அம்மா, அது என் பல்லும்மா. ஆன்ட்டி இல்ல, நான்தான்" என்று மெதுவாகச் சொன்னேன்.

"சும்மா இரு. எல்லாரும் பாக்கறாங்க."

எடுத்து வாயில் போட்டேன். கண்ணை மூடிக்கொண்டு மென்று விழுங்கினேன். என்னைப் பார்த்து நாலு பேராவது சாப்பிடுவார்கள் என்று நினைத்தேன். அப்பா மட்டும் தன் இலையிலிருந்ததை எடுத்துத் தின்றார், கொட்டையைத் துப்பி ஓரத்தில் வைத்தார். மற்ற இலைகள் பரிமாறியது பரிமாறியபடியே மடிந்தன. ஆன்ட்டி அந்த இலைகளைத் தானே எடுத்தார், எடுக்கிற ஆளை விடவில்லை. என் இலைக்கு வந்ததும் குனிந்து, "நீ ஒருத்தியாச்சும் சாப்ட்டியே கண்ணு, நல்லாருப்ப" என்றார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாய்க்குள் இனிப்பு இருந்தது. அடுத்த வாரம் வேனில் சாமான் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

சாம்பலூரை விட்டு நானும் வந்துவிட்டேன். அந்தத் தளமே இப்போது இல்லை என்று நிவேதிதா சொன்னாள். ஒரு டாக்டரைப் பார், இதெல்லாம் மனப்பிரமை, பயம் என்று நீங்கள் சொல்லலாம், நானும் எனக்கே அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன். கல்யாணத்துக்கு முன்னாலேயே உடைந்த பல்லுக்குக் கேப் போட்டு நேராக்கிவிட்டேன், இப்போது எதைக் கடித்தாலும் முழு வட்டமாகத்தான் விழும். ஆனால் ஒவ்வொரு சீசனிலும் என் வீட்டுக்காரர் பண்ருட்டி ரோட்டிலிருந்து முழுப் பழமாக வாங்கி வருகிறார், கத்தி படாத பழம், நானே எண்ணெய் தடவி நானே பிளக்கிறேன். பிளந்ததும் கையில் வருகிற முதல் சுளையில் அந்தக் கடி இருக்கிறது, பழைய பல்லின் கடி. மற்றச் சுளைகளில் ஒன்றும் இல்லை. போன வருஷம் என் பெண் பக்கத்தில் உட்கார்ந்து, "எனக்கும்மா" என்று கையை நீட்டினாள். அவளுக்கு அடுத்ததைக் கொடுத்தேன். முதல் சுளையைக் குப்பையில் போடக் கை வரவில்லை, வருஷா வருஷம் அதை நான்தான் தின்கிறேன். வாயில் வைக்கும்போது அது யாரோ இப்போதுதான் வாயிலிருந்து எடுத்துக் கொடுத்ததுபோல வெதுவெதுப்பாக இருக்கிறது.