கலைமணி கொடுத்த லீவு லெட்டர்கள்

கலைமணி என்ற பெயரை நான் முதன்முதலாகக் கேட்டது இண்டூர் பஸ் நிறுத்தத்தில். என் சித்தி மகன் பச்சியப்பன் அப்போது லாரியில் கிளீனர். ஓடுகிற வண்டியின் கதவில் தொங்கிக்கொண்டு, "அக்கா! சின்னபொண்ணு பையனுக்குப் பேரு வெச்சாச்சி! கலைமணி! காதுல மூணு தரம் நான்தான் சொன்னேன்!" என்று கத்திவிட்டுப் போனான். சின்னபொண்ணு அவனுடைய கூடப்பிறந்த அக்கா. எங்கள் பக்கம் தாய்மாமன்தான் பிள்ளையின் காதில் பெயரைச் சொல்வான்.

அந்தப் பிள்ளை வளர்ந்து தர்மபுரியில் ஒரு காலேஜில் சேர்ந்தான். வேதியியல் படிப்பு. பச்சியப்பன் அதற்குள் டிரைவராகியிருந்தான். "எங்க வகையறாவுல மொத டிகிரி எம் மருமவன்தான்" என்று வண்டி நிறுத்துகிற டீக்கடையிலெல்லாம் சொல்லுவான்.

காலேஜில் முதல் ஆறு மாதம் கலைமணி தனியாகத்தான் சோறு தின்றான். வகுப்பு முடிந்ததும் பஸ், பஸ்ஸை விட்டால் வீடு. அப்புறம் அப்சல் என்ற பையன் தன் பைக்கில் பின்னால் இடம் கொடுத்தான். பாத்திரக்கடைக்காரர் மகன், வாய் ஓயாமல் பேசுகிறவன். அன்றிலிருந்து கலைமணி யார் எதற்குக் கூப்பிட்டாலும் வரவில்லை என்று சொன்னதில்லை. பிறந்தநாள் கேக், கம்பைநல்லூரில் கிரிக்கெட் மேட்ச், ஒகேனக்கல் குளியல். விடியற்காலையில் எழுந்து படிப்பான், பஸ்ஸில் நின்றுகொண்டே படிப்பான். பரீட்சையில் தேறிக்கொண்டுதான் இருந்தான்.

"ரெண்டுல ஒண்ண வுடுடா" என்றாள் சின்னபொண்ணு.

"ரெண்டும் வேணும்மா. மறுபடி தனியா ஒக்காந்து திங்கறதுக்கு என்னால ஆவாது."

இடித்தது வருகைப்பதிவில்தான். நூற்றுக்கு எழுபத்தைந்து நாள் இல்லையென்றால் பரீட்சை எழுத விடமாட்டார்கள். ஆனால் வீட்டில் சாவு என்று லெட்டர் கொடுத்தால் அந்த நாளைக் குறைக்க மாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கலைமணி என்னிடம் வந்து உட்கார ஆரம்பித்தான்.

"பெரிம்மா, எங்கப்பாவோட அத்த பேரு என்ன? எப்ப செத்தாங்க?"

"முனியம்மா. நீ பொறக்கறதுக்கு மின்னாடியே போய்ட்டா. அவளுக்கு ஒரு கொழுந்தன் இருந்தான், அவனும் போய்ட்டான். ஏண்டா?"

"சும்மாதான். சொந்தபந்தம் தெரிஞ்சிக்க வேணாமா?"

இந்தக் காலத்துப் பிள்ளைக்கு இவ்வளவு பிரியமா என்று பூரித்து, எனக்குத் தெரிந்த செத்தவர்களையெல்லாம் சொன்னேன். அந்தப் பெயர்கள்தான் லெட்டரில் ஏறின. உயிரோடு இருப்பவர் பெயரை மட்டும் அவன் அதுவரை எழுதவே இல்லை. எழுதினால் பலித்துவிடும் என்று பயம்.

"உங்க வூட்ல இன்னும் எத்தன பேருடா பாக்கி?" என்று அப்சல் கேலி செய்வானாம்.

மூன்றாம் வருஷம் துறைத் தலைவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அத்தை, சின்னம்மா, கொழுந்தன் எல்லாம் செல்லாது, பெற்றோர், தாத்தா பாட்டி, தாய்மாமன் என்றால்தான் லீவு. செத்த தாத்தா பாட்டி பெயர்கள் ஏற்கெனவே தீர்ந்திருந்தன. அந்தச் சமயம் பார்த்து அப்சலும் மற்ற பையன்களும் மூன்று நாள் மைசூருக்குப் புறப்பட்டார்கள். கலைமணி எழுதினான்: என் தாய்மாமன் பச்சியப்பன் காலமாகிவிட்டார்.

மைசூரிலிருந்து வந்ததும் நேராக மாமன் வீட்டுக்குப் போனான். பச்சியப்பன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். இவன் எதிரில் உட்கார்ந்து அவனையே பார்த்தான்.

"என்னடா மருமவனே, எம் மூஞ்சில சினிமாவா ஓடுது? சுமலதா, இவனுக்கும் ஒரு தட்டு போடு. பேய் புடிச்ச மாதிரி இருக்கான்."

நாற்பது நாள்கூட ஆகவில்லை. தொப்பூர் இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் பச்சியப்பனின் லாரி முன்னால் நின்ற வண்டியில் மோதியது. மறுநாள் காலையில்தான் உடல் வீட்டுக்கு வந்தது. அன்றைக்குக் கலைமணிக்குச் செய்முறைத் தேர்வு. எங்கள் வழக்கத்தில் மாமன் பாடைக்கு முதல் தோள் அக்கா மகன் கொடுக்க வேண்டும். தேர்வை இன்னொரு நாள் வைக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று போனான்.

உடலைச் சுற்றி உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தோம். சின்னபொண்ணின் செல்போன் அடித்தது. அவள் எடுக்கும் நிலையில் இல்லை, நான் எடுத்தேன். எனக்குக் காது மந்தம், ஸ்பீக்கர் போட்டால்தான் கேட்கும்.

"கலைமணி அம்மாங்களா? காலேஜ்ல இருந்து பேசறேன். உங்க தம்பி பச்சியப்பன் போன மாசமே இறந்துட்டதா உங்க பையன் லெட்டர் குடுத்திருக்கான். இன்னைக்கி மறுபடியும் அதே பேரச் சொல்றான். எதும்மா நெசம்?"

அழுகை நின்றுபோயிற்று. புருஷன் தலைமாட்டில் இருந்த சுமலதா என் கையிலிருந்த போனைப் பார்த்தாள்.

"போன மாசமா? எங்கூட ஒக்காந்து சோறு தின்ன மனுசன எழுதி வெச்சிட்டானா?"

போனில் அந்த ஆள் "ஹலோ, ஹலோ" என்றார். நான் போனை வைத்துவிட்டேன்.

பாடை தூக்கும் நேரத்துக்கு அப்சலின் பைக்கில் கலைமணி வந்து இறங்கினான். காலேஜ் அடையாள அட்டை கழுத்தில் தொங்கியது. ஓடி வந்து தோளைக் கொடுக்கக் குனிந்தான்.

"அவன் தோளு படக்கூடாது" என்றாள் சுமலதா. "பட்டுச்சின்னா நான் இங்கயே மண்டைய ஒடச்சிக்குவேன்."

"அத்த, நான் வேணும்னு..."

"அத்தைன்னு கூப்புடாத."

யாரும் அவனுக்காகப் பேசவில்லை. சின்னபொண்ணுகூடப் பேசவில்லை. பங்காளி ஒருவர் முதல் தோள் கொடுத்தார். கலைமணி கூட்டத்துக்குக் கடைசியில் நடந்தான். அவனோடு நடந்தது அப்சல் மட்டும்தான்.

அடுத்த வாரம் காலேஜில் எல்லா லெட்டரையும் எடுத்துப் பார்த்தார்கள். அத்தனை நாளையும் வராத நாளாக எழுதினார்கள். பரீட்சை எழுத முடியாது, மூன்றாம் வருஷத்தைத் திரும்பப் படி என்றார்கள். அவன் போகவில்லை. அப்சலும் மற்றவர்களும் பரீட்சை எழுதி முடித்தார்கள். அப்புறம் அவர்களிடமிருந்து அவனுக்குப் போன் வருவதும் நின்றுவிட்டது.

லெட்டர்களில் இருந்த முந்தைய பெயர்களையெல்லாம் அவனுக்கு யார் எடுத்துக் கொடுத்தது என்று சின்னபொண்ணு இன்றுவரை என்னைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

கலைமணி இப்போது ஓசூரில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை பார்க்கிறான். மாமனின் முதல் வருஷத் திதிக்கு அவன் வரவில்லை, யாரும் கூப்பிடவும் இல்லை.