பதினேழு சீட்டுகள்

கண்காட்சிக்கு வந்திருந்த பொருட்கள் இருபத்து நான்கு. மூன்று முறை எண்ணினேன். அவற்றில் பதினேழுக்கு ஆங்கிலச் சீட்டில் ஒரே வாசகம் இருந்தது: செய்தவர் பெயர் தெரியவில்லை.

சன்னிவேலில் எங்கள் மகன் வீட்டிலிருந்து பஸ்ஸில் பதினொரு நிறுத்தம் தள்ளி ஒரு சமூகக் கூடம் இருக்கிறது. அங்கே அலாஸ்காவின் பூர்வகுடி மக்களுடைய கலையை மூன்று மாதம் காட்சிக்கு வைக்க ஏற்பாடு நடந்தது. விளக்கச் சீட்டுகளை ஐந்து மொழிகளில் ஒட்டப் போவதாகவும் தமிழுக்கு ஆள் இல்லை என்றும் சொன்னார்கள். நான் முன்வந்தேன். ஓய்வு பெற்ற நில அளவையாளனுக்கு வேறு என்ன வேலை? ஆனால் ஒப்புக்கொண்ட நாளிலிருந்தே தூக்கம் குறைந்துவிட்டது. தப்பாக எழுதினால் மூன்று மாதம் சுவரில் தொங்குமே.

பொருட்களை நேரில் பார்க்க ஆறு முறை போனேன். நடனத்துக்கான மர முகமூடிகள், அவற்றைச் சுற்றி வளையங்களும் இறகுகளும். பனியின் ஒளியில் கண் கூசாமலிருக்க, கீறல் போல இரண்டு பிளவு மட்டும் விட்ட மரக் கண்ணாடி. வால்ரஸ் என்ற கடல்விலங்கின் தந்தத்தில் வட்டமும் வட்டத்துக்குள் புள்ளியுமாகச் செதுக்கிய ஈட்டித் துண்டு. எனக்கு மிகவும் பிடித்தது ஒரு மழைச்சட்டை. கடல்நாயின் குடலை உலர்த்தி, பட்டை பட்டையாக இணைத்துத் தைத்தது. விலங்கின் நரம்புதான் நூல். நனைந்ததும் நூல் உப்பி ஊசித்துளையை அடைத்துக்கொள்ளுமாம். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஒரு விரற்கடை நீளத்தில் ஒன்பது தையல்.

அந்தச் சட்டையை அந்தக் காலத்தில் அலாஸ்காவுக்குப் போய்ச் சேகரித்தவரின் குறிப்பேட்டுப் பக்கமும் கூடத்தார் தந்த கோப்பில் இருந்தது. சட்டையின் நீளம், தோள் அகலம், அன்று காற்று வீசிய திசை, பனியில் வண்டி இழுத்த நாய்களில் எது நொண்டியது என்பது வரை எழுதியிருந்தார். தைத்தவள் பெயர் மட்டும் இல்லை.

மீதி ஏழும் இக்காலத்தவர் செய்தவை. அவற்றில் கையெழுத்து உண்டு. அந்த ஏழு பேரில் ஒரு பெண், தன் பெரியம்மாவின் தையல் எங்கோ பெயரில்லாமல் தொங்குவதாகவும், தங்கள் ஊரில் அந்தப் பெயரை அறியாதவர் இல்லை என்றும் தன் குறிப்பில் சொல்லியிருந்தார்.

என் பழைய உத்தியோகத்தில், நிலத்துக்காரர் பெயர் கிடைக்காத இடத்தில் எழுத இரண்டு வாசகங்கள் உண்டு. 'விசாரித்ததில் தெரியவில்லை' என்பது ஒன்று. 'விசாரிக்கப்படவில்லை' என்பது இன்னொன்று. முதலாவதை எழுத அக்கம்பக்கத்தில் மூன்று பேரையாவது கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் எழுதினால் தாசில்தார் பதிவேட்டைத் திருப்பி எறிவார்.

கூடத்தில் சீட்டு வேலையைக் கவனிப்பவள் நாற்பது வயதுப் பெண். சென்னைக்காரி, கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. சனிக்கிழமைகளில் இங்கே தொண்டு.

"அங்கிள், அன்னோன்னா அன்னோன்தானே. அப்படியே ட்ரான்ஸ்லேட் பண்ணிடுங்க."

"தெரியலைங்கறது வேற, கேக்கலைங்கறது வேறம்மா."

"தமிழ் லேபிள எத்தனை பேர் படிக்கப் போறாங்க? நாலு பேர் படிச்சா ஜாஸ்தி."

"அதுல நான் ஒருத்தன்."

அவள் சிரித்துவிட்டாள். "சரி, ஆனா டெம்ப்ளேட் ஃபிக்ஸ் பண்ணியாச்சு. அந்த லைன்ல ஒம்பது லெட்டருக்குத்தான் இடம். பாராவா எழுதினா ஃபிட் ஆகாது."

நான் எழுதி வைத்திருந்தது: 'செய்தவர் பெயரைச் சேகரித்தவர் கேட்டு எழுதி வைக்கவில்லை.' இருபத்தெட்டு எழுத்து.

இங்கே என் மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுக்கு இருப்பது ஒரே பெயர். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்று தனியாக இல்லாததால், இந்த நாட்டு அடையாள அட்டையில் அவள் பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்துக்குத் தள்ளிவிட்டு, முதல் பெயர்க் கட்டத்தில் எஃப்.என்.யு. என்று அச்சடித்துவிட்டார்கள். முதல் பெயர் தெரியாது என்பதன் ஆங்கிலச் சுருக்கம். மருத்துவமனையில் அதையே பெயராக்கி "ஃப்னூ" என்று கூப்பிடுகிறார்கள். இதுவரை நாற்பத்தொரு தடவை. அவள் எழுந்து டாக்டர் அறைக்குப் போய்விடுவாள். எனக்குத்தான் ரத்த அழுத்தம் ஏறும்.

அன்று மாலை அவள் அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தாள். நான் எதிரே உட்கார்ந்து அடித்து அடித்து எழுதினேன்.

"இன்னும் எத்தனை எழுத்து கொறைக்கணும்?"

"பத்தொம்பது."

"பெயர் கேட்கவில்லைன்னு போடுங்க. போதும்."

விரல் விட்டு எண்ணினேன். ஒன்பது.

"காதுல விழலைன்னு அர்த்தம் ஆயிடுமே."

"ஆகட்டுமே. ஃப்னூன்னு கூப்பிடறவ எம் பேரக் கேக்கவுமில்ல, நான் சொன்னது அவளுக்குக் கேக்கவுமில்ல. ரெண்டும் நெசந்தானே?" காயை நறுக்க ஆரம்பித்தாள். "சீட்டு எழுதினவருக்குக் காது மந்தம்னு யாராவது நெனச்சாலும் அதுவும் நெசம்."

இரண்டு நாள் அந்த வரியில் குற்றம் தேடினேன். கிடைக்கவில்லை. சனிக்கிழமை கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அந்தப் பெண் படித்தாள். "லெட்டர் கவுன்ட் ஓகே. மீனிங் மாறுதே அங்கிள்."

"மாறணும்னுதாம்மா."

"கமிட்டில ஒத்துக்கலைன்னா?"

"ஏழு சீட்டுதான் தருவேன். மீதி பதினேழையும் தமிழ்ல காலியா விட்ருங்க. தெரியலைன்னு என் கையால எழுத மாட்டேன்." குரல் உயர்ந்துவிட்டது. குடல் சட்டை, குறிப்பேடு, மருத்துவமனை எல்லாவற்றையும் கலந்துகட்டிச் சொன்னேன்.

அவள் திரைப் பக்கம் திரும்பினாள். "எங்கம்மாவும் எஃப்.என்.யு.தான் அங்கிள். டேகேர்ல என் பையன பிக்கப் பண்ணப் போனா, ஐடில இருக்கற பேரு லிஸ்ட்ல இல்லைன்னு வாசல்லயே நிக்க வச்சுட்டாங்க." பிறகு பதினேழு கட்டங்களிலும் அந்த வரியை ஒட்டினாள். "கமிட்டிகிட்ட நான் பேசிக்கறேன். நீங்க பஸ்ஸப் பாருங்க."

கமிட்டி என்ன கேட்டது, அவள் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. விசாரித்தேன், அவள் சொல்லவில்லை. திறப்பு நாளன்று தமிழ்ச் சீட்டுகள் நான் எழுதியபடியே இருந்தன. மனைவி குடல் சட்டையின் முன்னால் நின்று, சீட்டைப் படித்துவிட்டு, கண்ணாடிப் பேழையில் முகம் படுமளவு குனிந்து தையலைப் பார்த்தாள்.

"ஒம்பது இல்லீங்க. ஓரத்துல பத்து இருக்கு."

பூதக்கண்ணாடியை எடுத்தேன். பத்துதான்.

தமிழில் பதினேழும் முடிந்தன. மற்ற நான்கு மொழிகளில் இன்னும் 'தெரியவில்லை' என்றே இருக்கிறது. அறுபத்தெட்டு சீட்டுகள். திரும்பும் பஸ்ஸில், மூன்றாவது நிறுத்தம் வருவதற்குள் கமிட்டிக்கான ஆங்கிலக் கடிதத்தின் முதல் வரியை எழுதிவிட்டேன்.