மெதுவாக வைத்துக் கேட்டவர்

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை மயிலாப்பூர் மாட வீதியில் கீரை வாங்கிக்கொண்டிருந்தேன். கைபேசியில் ஏகாம்பரத்தின் பெயர் ஒளிர்ந்தது. எடுத்தால் ஒரு பெண் குரல்.

"மேடம், நா ஏகாம்பரம் அண்ணனுக்கு பக்கத்து வூட்டு சுமதி பேசறேன். அண்ணன் காலைல பூட்டாரு மேடம். டீ குடிச்சிக்கினு இருந்தவரு அப்டியே சாஞ்சிட்டாரு. ஆம்புலன்ஸ் வர்ற வரிக்கும் நெஞ்ச அமுக்கிக்கினே இருந்தேன். முடியல மேடம்."

கீரைக்கார அம்மா கட்டை நீட்டியபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதை வாங்கினேனா, அங்கேயே விட்டுவிட்டு வந்தேனா என்பது இப்போது நினைவில்லை.

நம் கல்லூரியில் இயற்பியல் படித்தவர்களுக்கும் பாடம் நடத்தியவர்களுக்கும் ஏகாம்பரம் யாரென்று சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இருபத்தாறு ஆண்டுகள் எங்கள் ஆய்வகத்தின் உதவியாளர். எனக்கும் அவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. நான் வேலைக்குச் சேர்ந்த அதே ஆண்டில் அவரும் சேர்ந்தார். கடைசிவரை நான் அவருக்கு மேடம். பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள் என்று எத்தனையோ முறை சொல்லியும் கேட்கவில்லை.

அவருடைய காதைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். ஒரு நாள் ஒலியின் வேகத்தை அளக்கும் சோதனையில் ஒரு குழுவுக்கு மட்டும் விடை தப்பாகவே வந்துகொண்டிருந்தது. அவர்கள் கவனமாகச் செய்யவில்லை என்று நான் கடிந்துகொண்டேன். ஏகாம்பரம் பேசாமல் வந்து, அவர்களுடைய இசைக்கவையை ரப்பர் கட்டையில் தட்டிக் காதருகே பிடித்தார். பக்கத்துக் குழுவின் கவையையும் தட்டிப் பார்த்தார். "ரெண்டுலயும் ஒரே நம்பர்தான் போட்டுக்கீது. ஆனா இது கொஞ்சம் கம்மியா பேசுது மேடம்" என்றார். கருவி வைத்து அளந்தோம். அவர் சொன்னதுதான் சரி. மாணவர்கள் கைதட்டியபோது அவருக்கு வெட்கம் தாங்கவில்லை. "அச்சுல இன்னா வேணா அடிக்கலாம். காது பொய் சொல்லாது" என்று சொல்லிவிட்டு அலமாரியைப் பூட்டப் போய்விட்டார்.

சைதாப்பேட்டையில் ஆற்றங்கரையை ஒட்டிய குடிசையில் பிறந்தவர். கல்லூரி வேலை கிடைக்குமுன் ஒரு மைக் செட் கடையில் இருந்தார். கல்யாணங்களுக்கும் கோயில் திருவிழாக்களுக்கும் ஒலிபெருக்கி கட்டியவர். அந்தக் கடையை மூடியபோது அவருக்குக் கிடைத்த இரண்டு பெரிய ஸ்பீக்கர் பெட்டிகள் வீட்டில் அலமாரி உயரத்துக்கு நின்றன. ஆற்றங்கரை வீடுகளை எடுத்துவிட்டு எல்லோரையும் ஊருக்கு வெளியே அடுக்குமாடிக் குடியிருப்புக்கு அனுப்பினார்களே, அப்போது பீரோவை விற்றார், பெட்டிகளை விற்கவில்லை.

அங்கேதான் தொல்லை தொடங்கியது. புது வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே ஒற்றைச் சுவர். இந்தப் பக்கம் ஏகாம்பரத்தின் ஸ்பீக்கர், அந்தப் பக்கம் சுமதியின் கட்டில். சுமதி ஒரு மருத்துவமனையில் செவிலியர். இரவு முழுக்க வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவர். சுவரைத் தட்டியிருக்கிறார். இவர் கேட்கவில்லை. பிறகு நடைவழியில் நின்று கத்தியிருக்கிறார். ஏகாம்பரத்தின் மனைவி மல்லிகா பதிலுக்குக் கத்த, இரண்டு வீட்டுக்கும் பேச்சே நின்றுபோனது. தண்ணீர் லாரிக்கு வரிசையில் நிற்கும்போதுகூட நடுவில் வேறு யாராவது இருக்கும்படி பார்த்துக்கொள்வார்களாம்.

இதை என்னிடம் சொன்னவர் ஏகாம்பரமேதான். ஒரு மதிய இடைவேளையில், நான் கேட்காமலே சொன்னார்.

"அந்தப் பொண்ணு நைட்டெல்லாம் நோயாளிங்கள பாத்துட்டு வர்து மேடம். அது செவுத்த தட்டினப்போ நா வேணும்னே சவுண்ட ஏத்தினேன். கோவத்துல பண்ணல. திமிருல பண்ணேன். அது தப்பு."

"அப்போ போய்ச் சொல்லிடறதுதானே?"

"வாயால சொன்னா பத்தாது."

அன்றிலிருந்து வீட்டில் பாட்டே வைப்பதில்லை என்றார். அப்படியே மூன்று ஆண்டுகள் ஓடின. பாட்டில்லாமல் அவர் எப்படி இருந்தார் என்பது எனக்குத் தெரியும். மார்கழியில் விடுப்பு எடுத்துக்கொண்டு மயிலாப்பூர் சபாக்களில் மதிய நேரத்து இலவசக் கச்சேரிகளுக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிடுவார். மற்ற பதினொரு மாதமும் பேருந்தில் யாருடைய கைபேசியிலாவது வழியும் பாட்டுதான்.

ஓய்வு பெற்ற மறுவாரம் தொலைபேசியில் அழைத்தார். நல்ல ஆம்ப்ளிஃபயர் ஒன்று வாங்கப் போவதாகவும் கூட வர முடியுமா என்றும் கேட்டார். வெளிநாட்டுத் தயாரிப்பு, பெரிய இடங்களில் வைத்திருப்பார்களே, அந்த மாதிரி. நான் பதில் சொல்வதற்குள், "சத்தம் வேணாம் மேடம். பாட்டு வேணும். மெதுவா வெச்சா முழுசா கேக்கற மிசினு எதுன்னு பாக்கணும்" என்றார்.

அரை மணி நேரத்தில் மல்லிகாவிடமிருந்து அழைப்பு. "நீங்களாவது எடுத்துச் சொல்லுங்க மேடம். ரெண்டு ரூமு வூட்டுக்கு அம்மாம் பெரிய மிசினு இன்னாத்துக்கு? வாழ்க்கை பூரா நின்னு சம்பாரிச்சது. ஒரு பொட்டிய வாங்கி வெச்சிக்கினு நாளைக்கி ஒடம்புக்கு ஒண்ணுன்னா இன்னா பண்றது?"

சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். உண்மையில் தடுப்பதற்காகத்தான் அவருடன் போனேன்.

தியாகராய நகரில் பரபரப்பான கடைத்தெருவிலிருந்து ஒரு சந்து உள்ளே போனால் கண்ணாடிக் கதவு போட்ட கடை. தரையில் கம்பளம், சுவரெங்கும் துணி ஒட்டிய பலகை. விற்பனை செய்யும் பிரவீண் என்ற இளைஞர் ஏகாம்பரத்தின் செருப்பைப் பார்த்துவிட்டு என்னிடம், "சொல்லுங்க மேடம், எந்த மாதிரி பார்க்கறீங்க?" என்றார். "வாங்கப்போறது அவர்" என்றேன். அந்தப் பிள்ளையைக் குறை சொல்ல மாட்டேன். அடுத்த மூன்று மணி நேரம் பொறுமையாக எங்களோடு இருந்தது அவர்தான்.

முதலில் அந்தக் கடையிலேயே விலை உயர்ந்ததைக் காட்டினார். வெள்ளியைப்போல மின்னும் பெட்டி, முகப்பில் ஒரே ஒரு திருகு. பாட்டைப் போட்டு ஒலியை ஏற்றினார். என் நாற்காலி அதிர்ந்தது.

"கொறைங்க தம்பி" என்றார் ஏகாம்பரம்.

குறைத்தார்.

"இன்னும்."

"சார், இதோட பவரே உங்களுக்குத் தெரியாம போயிடும்."

"இன்னும் கொஞ்சம்."

"இதுக்கு மேல கொறைச்சா ஒண்ணும் கேக்காது சார்."

"கேக்குதா இல்லியான்னு பாக்கத்தான் வந்துக்கீறேன்."

கையோடு ஒரு பென்டிரைவ் கொண்டுவந்திருந்தார். வாய்ப்பாட்டுக் கச்சேரி ஒன்றின் ஒலிப்பதிவு. பாடகியை அவர் கவனிக்கவில்லை. பின்னால் ஓடும் தம்புராவைத்தான் தேடினார். ஒலியைக் குறைக்கும்போது முதலில் காணாமல் போவது அதுதான் என்றார். வெள்ளிப் பெட்டியில் தம்புரா காணாமல் போனது. மிருதங்கத்தின் இடப்பக்கமும் கூடவே போயிற்று. "எலும்புதான் கீது, சத இல்ல" என்றார். அடுத்தது, கண்ணாடிக் குழல்கள் தணல்போலச் சிவந்து எரியும் பெட்டி. எனக்கு அதன் அழகு பிடித்துப்போனது. அவர் கண்ணை மூடிக்கொண்டு, "இது தனியா ஒரு சுருதி போடுது மேடம். அந்தம்மா சுருதியோட சேர மாட்டேங்குது" என்றார். கூர்ந்து கேட்டபோது எனக்கும் மெல்லிய ரீங்காரம் கேட்டது.

மூன்றாவது பெட்டி பார்க்கப் பழைய பாணியில் இருந்தது. தாழ்ந்த ஒலிக்கு ஒரு திருகு, உயர்ந்த ஒலிக்கு ஒன்று, அவற்றுக்கு நடுவே ஒரு பொத்தான். இந்தத் திருகுகளெல்லாம் இருந்தால் உண்மையான ரசிகர்கள் வாங்க மாட்டார்கள் என்று பிரவீண் தயங்கினார். ஏகாம்பரம் அந்தப் பொத்தானை அழுத்தினார். அறையில் நாங்கள் மூச்சுவிடும் சத்தத்துக்குச் சற்று மேலேதான் பாட்டு ஒலித்துக்கொண்டிருந்தது. அந்த அளவிலும் தம்புரா வந்து பின்னால் உட்கார்ந்தது. மிருதங்கம் இரண்டு பக்கமும் பேசியது.

ஒலி குறையக் குறைய மனிதக் காது தாழ்ந்த சுருதிகளை இழக்கிறது என்பதை நான் ஆண்டுதோறும் கரும்பலகையில் வளைகோடாக வரைந்து காட்டியிருக்கிறேன். அந்தப் பொத்தான் இழந்ததைத் திருப்பிக் கொடுக்கிறது, அவ்வளவுதான். ஆனால் அந்த வளைகோட்டுக்குள் ஒரு தம்புரா இருந்ததை அன்றுதான் கேட்டேன். தடுக்க வேண்டும் என்ற எண்ணம் அந்த நாற்காலியிலேயே என்னை விட்டுப் போய்விட்டது.

இணையத்திலிருந்து பாட்டை எடுத்து ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுக்கும் ஸ்ட்ரீமரும் வேண்டியிருந்தது. பிரவீண் காட்டிய முதல் பெட்டியில் ஒரு பொத்தான்கூட இல்லை. எல்லாம் ஸ்மார்ட்போனில். "என் வூட்டுக்காரிகிட்ட பட்டன் போன்தான் கீது. அவ எப்டி போடுவா?" என்றார் ஏகாம்பரம். விலை குறைந்த வேறொன்றில் சிறு திரையும் எண்கள் போட்ட ரிமோட்டும் இருந்தன. ஒன்றை அழுத்தினால் நாகஸ்வரம், இரண்டை அழுத்தினால் பழைய சினிமாப் பாட்டு என்று வைத்துக்கொள்ளலாம். அதையே எடுத்துக்கொண்டார்.

அவர் தோற்றதையும் சொல்ல வேண்டும். கிளம்பும் நேரத்தில் பிரவீண், கட்டைவிரல் தடிமனான ஸ்பீக்கர் வயரைக் கொண்டுவந்து போட்டுக் காட்டினார். ஏகாம்பரம் முகம் மலர்ந்து, "ஆகா, தெறந்துக்கினு வர்து மேடம்!" என்றார். நான் பிரவீணைத் தனியே அழைத்து, எது எந்த வயர் என்று சொல்லாமல் மாற்றி மாற்றிப் போடச் சொன்னேன். ஆறு முறை போட்டார். மூன்று முறை சாதாரண வயரைத்தான் உசத்தி என்றார் ஏகாம்பரம். உண்மையைச் சொன்னதும் ஒரு கணம் முகம் சுருங்கியது. பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "காது பொய் சொல்லாதுன்னு இத்தினி வருசமா பீத்திக்கினு இருந்தேனே. ஆச வந்தா அதுவும் பொய் சொல்லுது!"

வெளியே வந்ததும் மல்லிகா அழைத்தார். "சொல்லிட்டீங்களா மேடம்?"

"வாங்கிட்டார், மல்லிகா."

இணைப்பு துண்டிக்கப்பட்டது.

பெட்டிகள் வந்து சேர்ந்த ஞாயிற்றுக்கிழமை என்னைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். மல்லிகா எனக்கென்று தனியாக வத்தக்குழம்பு வைத்திருந்தார்; முகம் கொடுத்துப் பேசவில்லை. சாப்பாடு முடிந்ததும் ஏகாம்பரம் நாகஸ்வரம் வைத்தார். தவில் அந்தச் சிறிய அறையில் யாரோ காதோடு பேசுவதுபோல ஒலித்தது. தெரு முழுக்கக் கேட்க வேண்டிய வாத்தியம் அப்படி அடக்கமாக உருள்வதை நான் அதுவரை கேட்டதில்லை. மல்லிகா தட்டுகளைக் கழுவுவதை நிறுத்திவிட்டுச் சமையலறை வாசற்படியில் வந்து நின்றார்.

அப்போது கதவைத் தட்டும் சத்தம்.

ஏகாம்பரம் என்னைப் பார்த்தார். அவர் கை ரிமோட்டைத் தேடியது. மல்லிகாதான் கதவைத் திறந்தார். சுமதி, தூங்கி எழுந்த கலைந்த தலையோடு.

"இன்னா, அந்தச் சத்தம்கூட ஒனக்குக் கேட்டுச்சா?" என்றார் மல்லிகா. சண்டைக்குத் தயாரான குரல்.

"அதாங்க்கா, சரியாவே கேக்கல" என்றார் சுமதி. "செவுத்துல காத ஒட்ட வெச்சிக்கினு படுத்துங்கீறேன். கழுத்து வலிக்கிது. கொஞ்சூண்டு ஏத்தி வெக்கச் சொல்லுங்க."

பிறகு ஏகாம்பரம் எழுந்து, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியைச் சுமதியின் பக்கம் நகர்த்தினார். "அங்கருந்து எதுக்குக் கேக்கற? உள்ள வாம்மா" என்றார். அவர் கண் கலங்கியிருந்ததை மல்லிகா பார்த்துவிட்டார். உள்ளே போய் சுமதிக்குச் சோறு போட்டுக் கொண்டுவந்தார். வாயால் சொன்னால் போதாது என்ற மனிதர் அன்றைக்கு, "மன்னிச்சிக்கம்மா" என்று வாயாலும் சொன்னார்.

அதற்குப் பின் இரண்டு ஆண்டுகள், ஞாயிறு மதியங்களில் அந்த அறையில் இடமிருக்காது. மேல் மாடி ஆட்டோ ஓட்டுநர், கீழ் வீட்டுத் தையல்காரம்மா, சில வாரங்களில் நானும். ஏகாம்பரம் ஒரே ஒரு விதி வைத்திருந்தார்: "பேசணும்னா பேசுங்க. ஆனா பாட்டவிட சத்தமா பேசாதீங்க." கானாப் பாட்டும் கச்சேரியும் மாறி மாறி ஓடும்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தேன். படையல் முடிந்து எல்லோரும் கிளம்பும் நேரத்தில் சுமதி, "வர்ற ஞாயித்துக்கெழம வைக்கலாமாக்கா?" என்று தயங்கிக் கேட்டார். மல்லிகா புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ஏன், அவுரு வேணான்னுட்டா போனாரு?" என்றார். அழுகைக்கு நடுவே எல்லோரும் சிரித்துவிட்டோம்.

என் குடியிருப்பில் எதிர் வீட்டு ராஜி மாமியோடு நான் ஆறு ஆண்டுகளாகப் பேசவில்லை. கார் நிறுத்தும் இடம் பற்றிய தகராறு. நாள்தோறும் என் இடத்தில் வண்டியை விடுகிறார் என்று சங்கத்துக்குப் புகார் எழுதினேன். நாள்தோறும் என்பது பொய். மொத்தம் இரண்டு முறைதான் விட்டிருந்தார். அது எனக்கு அப்போதே தெரியும். திமிரில் செய்தது தப்பு என்று ஏகாம்பரம் என்னிடம் சொன்ன அந்த மதியம், என் கடிதத்தைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. அவர் தயங்காமல் சொன்ன ஒரு வார்த்தையைச் சொல்ல எனக்கு இத்தனை காலம் ஆயிற்று. அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்த வார்த்தையைத்தான்.

நேற்று மாலை ராஜி மாமியின் மணியை அழுத்தினேன். கதவு திறந்தது. "மாமி, அந்தப் புகார்ல நான் எழுதினது பொய். தப்பு என்மேலதான்" என்றேன்.

மாமி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இதை வாசல்ல நின்னுண்டுதான் சொல்லணுமா? உள்ள வாங்கோ. காபி கலக்கறேன்."