முள் ஒண்ணுல நிக்குது

எங்க அக்கா வீட்டுக்காரருக்கு ஃபேக்டரியில ‘நிமிஷம்’னு பட்டப்பேர். முப்பத்தோரு வருஷம் அங்க வாசல்ல டைம் கீப்பரா உக்காந்திருந்தவர். வேலைக்கு வர்றவங்க கார்டைக் கடிகாரத்துல செருகி முத்திரை குத்திட்டு உள்ள போகணும். ஒரு நிமிஷம் தாண்டியிருந்தாலும் மாமா சிவப்பு மையில வட்டம் போட்டுருவார். குழந்தைக்குக் காய்ச்சல்னு சொன்னாலும் சரி, பஸ் வரலைன்னு சொன்னாலும் சரி, “கடிகாரம் பொய் சொல்லுமா?”ன்னு ஒரே கேள்விதான். ஒருதடவை அந்தக் கடிகாரமே நாலு நிமிஷம் முன்னாடி ஓடிச்சு. ஒரு ஷிஃப்டு ஆளுங்க மொத்தமும் லேட்டுன்னு வட்டம் வாங்கினாங்க. முந்நூறு பேர் கையை நீட்டி வாட்ச்சைக் காட்டறாங்க, மனுஷன் அசரணுமே! முந்நூறு வாட்ச்சும் தப்புன்னுட்டார்.

நான் அவருக்கு மச்சினி. பல் டாக்டர் ஒருத்தர்கிட்ட உதவியாளரா இருக்கேன், அந்த கிளினிக் இருக்கிற கட்டடத்துலயே மாடியில குடியிருக்கேன். அக்காவுக்காகத்தான் அந்த வீட்டு வாசப்படி மிதிக்கிறது. மாமா மூஞ்சிக்காகன்னா நான் அந்தப் பக்கமே தலைவெச்சுப் படுத்திருக்க மாட்டேன்.

அவருக்கு ஒரே ஒரு பொழுதுபோக்கு, ஹாம் ரேடியோ. பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கி, வீட்டுலயே சொந்தமா ரேடியோ நிலையம் வெச்சு, முன்னப்பின்ன தெரியாத ஆளுங்களோட காத்து வழியா பேசறது. பெண்டாட்டிகிட்ட நாளுக்கு நாலு வார்த்தை பேசாதவருக்கு அடுத்த கண்டத்துக்காரன்கிட்ட பேச ஆசை. என்ன சொல்றது!

ஆனா அதுலயும் ஒரு நல்லது இருந்துச்சு, அதை மறைக்கக் கூடாது. கடலுக்கு அந்தப் பக்கம் இவருக்கு ஒரு சிநேகிதர் இருந்தார். கப்பல்ல இன்ஜினியரா இருந்து ரிட்டயர் ஆனவர், அதனால எங்க வீட்டுல அவரைக் கப்பல்காரர்னு சொல்லுவோம். பத்தொன்பது வருஷமா ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் காலையில பத்து மணிக்கு ரெண்டு பேரும் பேசுவாங்க. மழை, முழங்கால், தக்காளிச் செடி, செத்துப்போன நாய். அந்த ஒரு மணி நேரம் மாமா சிரிப்பார். அக்கா அடுப்படியில வேலையை நிறுத்திட்டு அந்தச் சிரிப்பைக் கேட்டுக்கிட்டு நிப்பா, நானே பார்த்திருக்கேன். ரெண்டு பேரும் ஆரம்பத்துலயே ஒரு முடிவு எடுத்திருந்தாங்க: போன் கிடையாது, கடுதாசி கிடையாது, ரேடியோ சிநேகம்னா ரேடியோவுல மட்டும்தான். இந்த ரேடியோக்காரங்களுக்கு இப்படி ஒரு வீராப்பு உண்டு.

அக்காவுக்கு முழங்கால் போச்சு. மாடி வீட்டை விட்டுட்டு நான் இருக்கிற கட்டடத்துலயே தரைத்தளத்துக்கு வந்தாங்க. பழைய வீட்டுல ரெண்டு மரத்துக்கு நடுவுல நீளமா கட்டின ஆன்டெனா கம்பியை அங்கேயே விட்டுட வேண்டியதாப் போச்சு. கிளம்பறதுக்கு முந்தின ஞாயிறு கப்பல்காரர் ஒரு விஷயம் சொன்னார். அவருக்கும் முடியலை, ஆறு வாரத்துல முதியோர் இல்லத்துக்குப் போறார், அங்க ஆன்டெனா போட விடமாட்டாங்க, மகள் வந்து நிலையத்தைக் கழட்டப் போறா. ஆறாவது ஞாயிறு பத்து மணிதான் கடைசி, எப்படியாவது வந்துடுன்னு கேட்டுக்கிட்டார். மாமா சத்தியம் பண்ணாத குறையா ஒத்துக்கிட்டார்.

புது வீட்டுக்குப் பின்னால ரெண்டு கட்டில் போடற அளவுக்குத்தான் இடம். அதனால மாமா செங்குத்தா நிக்கிற ஆன்டெனா ஒண்ணை வரவழைச்சார். ஒண்ணுக்குள்ள ஒண்ணா செருகற அலுமினியக் குழாய்ங்க, நடுநடுவுல காயில், இறுக்கறதுக்கு கிளாம்ப். ஒரே கம்பம், ஆனா நாலஞ்சு அலைவரிசையில வேலை செய்யும். தெரிஞ்சவன் ஒரு நாள்ல மாட்டிடுவான். நம்ம ஆள் படுக்கையறை முழுக்கக் குழாயைப் பரப்பி வெச்சு, வெர்னியர் ஸ்கேலை எடுத்து, ஒவ்வொரு செருகலையும் அரை மில்லிமீட்டருக்கு அளந்தார். அளந்ததைத் திரும்ப அளந்தார். பதினோரு நாள்! அதுவரைக்கும் அக்கா அந்தக் காலை வெச்சுக்கிட்டு ஹால் சோபாவுல படுத்தா. ஒரு மனுஷனுக்கு இது உறைக்க வேணாம்?

மூணாவது வாரம் கம்பம் நின்னுச்சு. அக்கா துணி காயப்போட்ட கொடி போச்சு, அது கிடக்கட்டும். நிக்க வெச்ச உடனே ரேடியோவுக்கும் கேபிளுக்கும் நடுவுல ஒரு மீட்டரை மாட்டினார். நாம அனுப்பற பவர்ல எவ்வளவு ஆன்டெனாவுல ஏறாம திரும்பி வருதுன்னு அது காட்டும். முள் ஒண்ணுல நின்னா எதுவும் திரும்பலைன்னு அர்த்தம். முள் ஒண்ணுல நின்னுச்சு. மாமா என்னவோ பரம்பரைச் சொத்து கைக்கு வந்த மாதிரி என்னைப் பார்த்தார்.

ஆனா கூட வந்த புத்தகத்துல கம்பத்தைச் சுத்தித் தரையில பதினாறு வயர் கட்டாயம் போடணும்னு இருந்துச்சு. அதுங்கதான் கம்பத்துக்கு வேர் மாதிரியாம். சரின்னு நானும் லீவு போட்டு, முட்டி போட்டுத் தவழ்ந்து, பதினாறு வயரையும் விரிச்சு, மண்ணுல ஆணி அடிச்சு இறுக்கினேன். இடம் பத்தாத பக்கம் சுவர் ஓரமா மடக்கி விட்டேன். நகக்கண்ணெல்லாம் மண்ணு. உள்ள போய் மீட்டரைப் பார்த்தா முள் ஒண்ணரைக்கு ஏறியிருக்கு.

மாமா மூஞ்சியில ஈயாடலை. ஒரு வயரைக் கழட்டச் சொன்னார், முள் கொஞ்சம் இறங்கிச்சு. இன்னொண்ணு, இன்னும் கொஞ்சம். கடைசியில பதினாறையும் கழட்டிச் சுருட்டிச் சாக்குல போட்டோம், முள் பழையபடி ஒண்ணுக்கு வந்துச்சு. “புத்தகம் எழுதினவன் முட்டாள்”னார். தவழ்ந்தவ நான், அதைப் பத்தி ஒரு பேச்சும் இல்லை.

அதுக்கப்புறம் மூணு வாரம் தினமும் கூப்பிட்டுப் பார்த்தார். ஊர் உலகமெல்லாம் இவர் காதுல விழுது, இவரை மட்டும் யாரும் கேக்கலை. ரெண்டு ஞாயிறு கப்பல்காரரும் பேசறது கேட்டுச்சு, இவர் போட்ட சத்தம் அவருக்குப் போய்ச் சேரலை. கேட்டா, ஆகாயம் சரியில்லை, சூரியன்ல புள்ளி கம்மி, அதான் அலை தூரம் போகலைன்னார். சூரியனுக்கும் சிவப்பு வட்டம் போடாதது ஒண்ணுதான் பாக்கி.

அக்காவுக்குத்தான் பயம் வந்துடுச்சு. கடைசி ஞாயிறுக்கு முந்தின நாள், மாமாவுக்குத் தெரியாம, அவரோட ரேடியோ சங்கத்துல இருக்கிற ஒரு தையல்காரரை வரச் சொன்னா. நல்ல மனுஷர், அதிர்ந்து பேசமாட்டார். வந்தவர் கம்பத்தைப் பார்த்தார், அடியைப் பார்த்தார், சாக்கைப் பார்த்தார். விஷயம் புரிஞ்சு போச்சு. மாமாகிட்ட மெதுவா எடுத்துச் சொன்னார்.

“சார், முள் ஒண்ணுல நிக்கிறதுக்குக் காரணம் எதுவும் திரும்பி வரலை, அவ்வளவுதான். திரும்பி வராததெல்லாம் மேல போச்சுன்னு இல்லை. பாதிக்கு மேல உங்க கொல்லை மண்ணுதான் குடிக்குது. வயரைத் திரும்பப் போடுங்க. முள் ஒண்ணரைக்கு ஏறும், ஏறட்டும், குத்தமில்லை.”

எனக்கே விளங்கிடுச்சு, பல் தேய்க்கச் சொல்லிக் கொடுக்கிறவளுக்கு! மாமாவுக்கு விளங்கலை. விளங்கலையா, விளங்கியும் ஏத்துக்க முடியலையா, கடவுளுக்குத்தான் வெளிச்சம். தையல்காரருக்கு லைசென்ஸ்ல கீழ் கிரேடு, இவருக்கு மேல் கிரேடு. அது ஒண்ணு போதாதா? மீட்டரைத் தட்டிக் காட்டி, நீங்க பொத்தான் தைக்கிறதைப் பாருங்கன்னார். நான் ஒரு மணி நேரத்துல வயரைக் கட்டிடறேன், கையைக் கட்டிக்கிட்டு உக்காருங்கன்னேன். அதுக்கு, தொட்டா அப்புறம் நடக்கிறதே வேறன்னார். தையல்காரர் செருப்பை மாட்டிக்கிட்டு, அக்காகிட்ட மட்டும் சொல்லிட்டுப் போனார்.

ஞாயித்துக்கிழமை. மாமா குளிச்சு, சலவைச் சட்டை போட்டுக்கிட்டு ஒன்பதரைக்கே ரேடியோ முன்னாடி உக்காந்துட்டார். அக்கா காய்கறிக் கடைக்குப் போறேன்னு கிளம்பினா, தான் பக்கத்துல இருந்தா அவருக்குப் பதட்டமாகும்னு. சரியாப் பத்துக்கு கப்பல்காரர் குரல் வந்துச்சு. அவர்கிட்ட பெரிய ஆன்டெனா, பக்கத்து ரூம்ல பேசற மாதிரி தெளிவா இருந்துச்சு. மாமாவோட அழைப்புக்குறியை, அதான் லைசென்ஸோட கொடுக்கிற ரேடியோ பேரை, சொல்லிக் கூப்பிட்டார். மாமா பதில் சொன்னார். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அவர் திரும்பக் கூப்பிட்டார், இவர் திரும்பச் சொன்னார். இவர் கத்தக் கத்த அவர், “இருக்கியாப்பா? ஒண்ணும் கேக்கலையே”ன்னு பொறுமையா கேட்டுக்கிட்டே இருந்தார்.

நான் பின்பக்கம் ஓடி, சாக்கைக் கொட்டி, சிக்கைப் பிரிச்சு, ஒரு வயர் முனையைப் பிடிச்சுக் கம்பத்தடியில குனிஞ்சேன். நாலு வயர் கட்டினாக்கூட நல்லதுன்னு நேத்து தையல்காரர் போகும்போது அக்காகிட்ட சொல்லியிருந்தார். ஜன்னல் வழியா மாமா பார்த்துட்டார்.

“எடு கையை! முள் ஏறிடும்!”

என்னையும் சேர்த்துத்தான் திட்டணும். அக்கா மேல இருக்கிற மரியாதையோ, இத்தனை வருஷத்துப் பயமோ, நான் கையை எடுத்துட்டேன். வயரைக் கையில வெச்சுக்கிட்டு மண்ணுல நின்னேன், மக்கு மாதிரி.

இருபத்தஞ்சு நிமிஷம் அந்த மனுஷர் காத்துக்கிட்டு இருந்தார். பின்னால ஒரு பொண்ணு குரல், அவர் மகளா இருக்கணும், போலாமாப்பான்னு கேட்டுது. அதுக்கப்புறம் அவர் சொன்னது அப்படியே என் காதுல இருக்கு.

“சரிப்பா. வீடு மாத்தின வேலையில மறந்திருப்பே. பரவாயில்லை. நீ நல்லா இருக்கணும். நான் வெச்சுடறேன்.”

அப்புறம் வெறும் இரைச்சல்தான்.

நான் உள்ள வந்தப்போ மாமா முதுகைக் காட்டிக்கிட்டு எழுதிட்டு இருந்தார். ரேடியோக்காரங்க ஒவ்வொரு பேச்சையும் ஒரு நோட்டுல பதியணும். நேரம், யார்கூட, அவங்க குரல் நமக்கு எப்படிக் கேட்டுது, நம்ம குரல் அவங்களுக்கு எப்படிக் கேட்டுதாம். ரொம்பத் தெளிவுன்னா ஐம்பத்தொன்பதுன்னு போடுவாங்க. நான் தோளுக்கு மேல எட்டிப் பார்த்தேன். கப்பல்காரர் குரலுக்கு ஐம்பத்தொன்பது. பக்கத்துக் கட்டத்துல, இவர் குரல் அங்க கேட்ட விதத்துக்கும் ஐம்பத்தொன்பது. ஒரு அடித்தல் திருத்தல் இல்லை.

அடப்பாவின்னு வாய்வரைக்கும் வந்துச்சு. அதுக்குள்ள அக்கா கதவைத் திறந்துக்கிட்டு, பையோட, நொண்டி நொண்டி உள்ள வந்தா. பேசிட்டீங்களான்னு கேட்டா. பேசியாச்சு, நல்லாக் கேட்டுதாம்னார். அக்கா பையைக் கீழ வெச்சுட்டு முந்தானையால கண்ணைத் துடைச்சுக்கிட்டா. அந்த மூஞ்சியில அவ்வளவு நிம்மதி. அவ காப்பி போட உள்ள போனா.

நான் அவர் பக்கத்துல போய்க் குரலைத் தாழ்த்தினேன். முதல் தடவை பேசினப்போ, ரேடியோக்காரங்க வழக்கப்படி அத்தாட்சிக்காகக் கப்பல்காரர் அனுப்பின ஒரே ஒரு கார்டு மேஜை இழுப்பறையிலதான் இருக்கு, அதுல விலாசம் இருக்கு, மகள் எப்படியும் சேர்த்துடுவா. வீராப்பெல்லாம் மூட்டை கட்டிட்டு ரெண்டு வரி எழுதுங்க, வந்திருந்தேன், உங்க பேச்சு பூரா கேட்டேன், என் ஆன்டெனாதான் சரியில்லைன்னு. நீங்க எழுத வேணாம், நானே எழுதறேன், கையெழுத்து மட்டும் போடுங்கன்னேன். கெஞ்சினேன்னே சொல்லலாம், இந்த ஆள்கிட்ட!

மாமா நோட்டை மூடினார்.

“எதுக்கு? அதான் பேசியாச்சே.”