மச்சாள் தந்த கண்மை

பிரதோஷத்தன்று வெள்ளவத்தையில் எங்கள் பிளாட்டுக்குப் பின்னால் நிற்கும் ஊமத்தையில் பூப்பறித்து, சிவனுக்கு மாலை கட்டிக் கோயிலில் கொடுத்தேன். வீடு திரும்பியதும் வலது கண் மங்கியது. கண்ணாடியில் பார்த்தால், அந்தக் கண்மணி மட்டும் பெரிதாக விரிந்திருந்தது.

“ஸ்ட்ரோக்கோ தெரியேல்ல” என்று கணவர் பதறினார். எனக்கோ சந்தேகம் முழுவதும் அன்று புதிதாகப் போட்ட கண்மையில்தான். அது தெஹிவளையில் இருக்கும் அவருடைய தங்கை தந்தது. சும்மா எதையும் தருகிற ஆளில்லை அவள். ஆஸ்பத்திரிக்குப் போகும் ஓட்டோவிலிருந்தே, “மச்சாள் தந்த மையை ஒருத்தரும் போடாதேங்கோ” என்று குடும்ப வட்ஸ்அப் குழுவில் எழுதிவிட்டேன்.

டொக்டர் நான் நீட்டிய மை டப்பாவைத் திறக்கவே இல்லை.

“மை ரெண்டு கண்ணிலயும் இருக்கு. ஒரு கண்தானே விரிஞ்சிருக்கு? கையைக் காட்டுங்கோ.”

நகக்கண்ணில் பச்சைச் சாறு காய்ந்திருந்தது.

“ஊமத்தம்பூ மாலை கட்டினனான், டொக்டர்.”

“அந்தக் கையால கண்ணைக் கசக்கியிருப்பீங்கள். அந்தச் சாறில அல்கலொயிட் எண்டு ஒரு நஞ்சு இருக்கு. கண்ணில பட்டா கண்மணி விரியும். வாய்க்குள்ள போயிருந்தா உயிருக்கே ஆபத்து.”

மாலை கட்டும்போது கண் கடித்ததும் கசக்கியதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தன.

இப்போதெல்லாம் கையுறை போடாமல் ஊமத்தையைத் தொடுவதில்லை. சோப் போட்டுக் கழுவாமல் கை முகத்துக்குப் போவதுமில்லை.

கண் மூன்றாம் நாளே சரியாகிவிட்டது. மச்சாள்தான் இன்னும் என்னோடு கதைப்பதில்லை.