மீன் என்றே எழுதினோம்

சென்ற ஆண்டு, கோடை விடுமுறைக்குச் சற்று முன், ஒரு சனிக்கிழமை காலையில் மயிலாப்பூர் மாட வீதியை ஒட்டிய ஒரு சிறிய மண்டபத்தில் நடந்தது இது. சில நர்சரிப் பள்ளிகள் சேர்ந்து குழந்தைகளின் கைவேலைக் கண்காட்சி வைத்திருந்தன. மீனவர் குடியிருப்பான ஊரூர் ஒல்காட் குப்பத்தில் ஒற்றை அறையில் நடக்கும் எங்கள் மழலையர் வகுப்பையும் அழைத்திருந்தார்கள். அங்கே நான் டீச்சர்.

கண்காட்சிக்குக் கொடுத்த தலைப்பு 'அச்சு'. வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கி, வண்ணத்தில் தோய்த்துத் தாளில் ஒற்றினால் பூ வரும். எல்லாப் பள்ளிகளிலும் செய்வதுதான். கண்காட்சிக்குச் சில நாள் முன் நானும் வகுப்புக்கு வெண்டைக்காய்தான் வாங்கிப் போனேன். எங்கள் வகுப்பில் நாலு வயதுச் சிறுமி ஒருத்தி எதையும் தொடமாட்டாள். பிரஷ்ஷை நீட்டினால் கையைப் பின்னால் கட்டிக்கொள்வாள். அன்று வெண்டைக்காயைப் பார்த்துவிட்டு, "மிஸ், மீன்ல வருமா?" என்றாள். அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது.

வருமா என்று எனக்கும் தெரியவில்லை. சந்து முனையில் மீன் விற்கும் அவள் அம்மா, சிரித்துக்கொண்டே இரண்டு கையாலும் காரப்பொடி மீன் அள்ளிக் கொடுத்தார். தட்டையான சின்ன மீன், குழந்தையின் கைக்கு அடங்கும். கழுவித் துடைத்து, நீல வண்ணம் பூசி, மேலே தாளைப் போர்த்தி விரலால் தடவினோம். தாளை உரித்தபோது துடுப்பின் கோடுகள், வாலின் பிளவு, கண்ணின் வட்டம் எல்லாம் பதிந்திருந்தன. அந்தச் சிறுமி அன்று கை கழுவ மறுத்துவிட்டாள்.

மண்டபத்தில் எங்கள் தாள்களை மாட்டி, கீழே 'மீன்' என்று எழுதிய அட்டையை ஒட்டினேன். கண்காட்சியை ஏற்பாடு செய்த அம்மையார் வந்து பார்த்தார். பருத்திப் புடவை, தணிந்த குரல்.

"தப்பா நினைக்காதீங்க மிஸ். இதை மட்டும் எடுத்துடலாமே. வர்றவங்க நிறைய பேர் சைவம்."

"இது பெயின்ட் மேடம்."

"இருந்தாலும் மீனைத் தொட்ட பேப்பர் இல்லையா?"

"இதோ இருக்கிற குளத்துல மீனுக்குப் பொரி போடறாங்களே?"

"அது கோயில் மீன், மிஸ்."

புகார் சொன்னவர் யாரும் அங்கே இல்லை. பார்வையாளர்களுக்குக் கதவே இன்னும் திறக்கவில்லை. யாராவது சொல்லக்கூடும் என்பதுதான் புகார். அடுத்து அவர் சொன்னது இது: "வேற ஸ்கூல்ல இலை பிரின்ட் எக்ஸ்ட்ரா இருக்கு. அதை உங்க பேர்ல மாட்டிக்குங்க."

அதில்தான் எனக்குக் கோபம் வந்தது. குரலை உயர்த்தவில்லை. "நான் கழற்ற மாட்டேன் மேடம். இந்தப் பிள்ளைங்களோட அம்மாங்க ஷேர் ஆட்டோவுல வந்துகிட்டிருக்காங்க. அவங்க வந்ததும், அவங்க எதிர்லயே நீங்க கழற்றுங்க" என்றேன்.

அவர் போய்விட்டார். திரும்பி வந்தபோது தாள்களைத் தொடவில்லை. 'கடலின் அழகு' என்று அச்சடித்த ஓர் அட்டையை எங்கள் அட்டையின் மேல் ஒட்டினார். "இப்ப யாருக்கும் பிரச்சினை இல்லை" என்றார். நான் அதை உரிக்கக் கை நீட்டுவதற்குள் கதவு திறந்து, பார்வையாளர்களோடு எங்கள் பிள்ளைகளும் அம்மாக்களும் உள்ளே வந்துவிட்டார்கள்.

சிறுமி தன் அம்மாவை இழுத்துவந்து நிறுத்தினாள். விசேஷத்துக்குக் கட்டும் புடவை, தலையில் கனகாம்பரம். அவர் அட்டையை எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"இன்னா மிஸ் இது, கடலின் அழகு? மீனுன்னு எழுதுனா கடிச்சிடுமா?"

நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அவர் மகளைக் குனிந்து பார்த்தார். சிறுமி எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கைகள் பின்னால் போயிருந்தன.

அம்மா இடுப்பில் கை வைத்து மண்டபத்தைப் பார்த்துத் திரும்பினார். தெருவில் விற்கும் அதே குரல்.

"காரப்பொடி, காரப்பொடியே! வாம்மா, வா நைனா! என் பொண்ணு போட்ட மீனு! நாறாது, முள்ளு குத்தாது, துட்டும் வாணாம். சும்மா பாத்துக்கினு போ!"

யாரோ சிரித்தார்கள். ஒரு சின்னப் பையன் தன் அப்பாவை இழுத்துக்கொண்டு ஓடி வந்தான், பின்னாலேயே கூட்டம். முகம் சுளித்து வெளியேறியவர்களும் உண்டு, அதையும் சொல்ல வேண்டும். ஏற்பாட்டாளர் ஓடி வந்து, "கொஞ்சம் மெதுவா பேசுங்கம்மா" என்றார்.

"மெதுவா கூவுனா மீனு போணியாவுமா மேடம்?"

நான் 'கடலின் அழகு' அட்டையை உரித்து ஏற்பாட்டாளர் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். அதற்குள் சிறுமி அந்தப் பையனுக்கு விளக்கத் தொடங்கியிருந்தாள்: "மொதல்ல கழுவணும். அப்பால தொடைக்கணும். பேப்பர ஆட்டக் கூடாது, ஆட்டுனா மீனு ரெண்டாப் பூடும்."

இந்த ஆண்டு எங்களுக்கு அழைப்பு வரவில்லை. விசாரித்தேன், இடம் போதவில்லை என்றார்கள். போகட்டும். எங்கள் வகுப்பில் இப்போது நண்டு அச்சுகள் காய்ந்துகொண்டிருக்கின்றன. கலை சொல்லித் தருகிறோம் என்று கூப்பிட்டுவிட்டு, ஒரு குழந்தை தன் வாசலில் இருப்பதை எடுத்துவரும்போது அதன் பெயரை மூடி ஒட்டச் சொன்னால், எந்த மண்டபமானாலும் சரி, அதற்கு என் கை உதவாது.