மகாராணிக்கு வசனம் நிற்காது

நாடக மேடையில் ராணி வேஷம் கட்டிக் கட்டியே எல்லோருக்கும் அவள் மகாராணி ஆகிவிட்டாள். அந்த மகாராணிக்கு ஒரு வசனம்கூட மனப்பாடம் ஆகாது என்பது நாடகக் கம்பெனியில் ஊரறிந்த ரகசியம். படுதா ஓரத்தில் நின்று ஒருவர் வரிவரியாக எடுத்துக் கொடுப்பார். அவள் அதை வாங்கிக் கடைசி வரிசை வரை வீசுவாள். அந்த ஒருவரையே கல்யாணமும் செய்துகொண்டாள். வேறு யாரைக் கட்டினாலும் பிழைப்பு ஓடாது என்று அவளுக்குத் தெரியும். வீட்டில் மட்டும் அவளுக்கு யாரும் எடுத்துக் கொடுக்க வேண்டியதில்லை. சண்டை என்று வந்துவிட்டால் பாவம், மனுஷர்தான் வாயடைத்துப் போவார்.

ஐம்பது வயதில் சினிமா கூப்பிட்டது. நோயாளி மனைவி வேஷம். கட்டிலில் கிடந்தபடி, வீட்டைவிட்டுப் போகும் புருஷனிடம் ஒரு பக்க வசனம் பேச வேண்டும். டைரக்டர் கறார் பேர்வழி.

"டப்பிங் கெடையாதும்மா. பேசுறது அப்படியே பதிவாகும். பக்கத்துல நின்னு யாரும் வசனம் சொல்லக்கூடாது."

மகாராணி பெரிதாகத் தலையாட்டிவிட்டு வந்தாள். காகிதம் கையில் இருக்கும்வரை வசனம் வந்தது. கீழே வைத்ததும் போயிற்று. இந்த வேஷம் கைநழுவினால் இந்த வயதில் இன்னொன்று வரப்போவதில்லை.

"என்னங்க, கட்டிலுக்கு அடியில படுத்துக்குறீங்களா?"

"இந்த இடுப்ப வச்சிக்கிட்டா?"

"சும்மா படுக்குறதுக்கு இடுப்பு எதுக்குங்க?"

படுத்தார்.

முதல் டேக்கிலேயே சவுண்டுக்காரர் ஹெட்போனைக் கழற்றி உதறினார். "சார், எல்லா வசனமும் ரெண்டு தடவ வருது. மொதல்ல ஆம்பளக் குரல்ல." கட்டிலுக்கு அடியிலிருந்து வந்த ஒரு தும்மல் மிச்சத்தையும் சொல்லிவிட்டது. காலைப் பிடித்து இழுத்தார்கள். தலையெல்லாம் தூசியோடு வெளியே வந்தவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"அவர வெளிய அனுப்புங்க," என்றார் டைரக்டர். "அம்மா, இன்னும் ஒரே டேக். வரலேன்னா வேற ஆளத்தான் பாக்கணும்."

கேமரா ஓடியது. புருஷனாக நடித்தவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். மகாராணியின் தலைக்குள் ஒன்றுமே இல்லை. நடிகரின் தோளுக்கு அப்பால் அவளுடைய சொந்தப் புருஷன், தூசியைத் தட்டிக்கொண்டே வாசலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். அவர் இல்லாமல் அவள் ஒருநாளும் வாய் திறந்து நடித்ததில்லை. பயத்தில் கண் நிறைந்துவிட்டது, சத்தியமாக அது நடிப்பு இல்லை.

"போறதுன்னா போங்க," என்றாள். "நான் என்ன பேசணும்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க."

டைரக்டர் கண்ணைத் துடைத்ததில் கட் சொல்ல மறந்துபோனார். வாசலில் திரும்பி நின்ற கணவர், பழக்க தோஷத்தில் கிசுகிசுத்தார்.

"அடியே, வசனம் அது இல்ல."